சுண்ணாம்புக் கோட்டுக்குள் பதினாறு குடித்தனம்

பெத்தேல்விளையில் இன்னும் கட்டப்படாத அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் முதல் குக்கர் விசில் அடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேமுக்கால் மணிக்கு. அப்போது அந்த இடத்தில் வேதக்கோயில் சுவருக்கும் பாலர் பள்ளிக்கூடத்துச் சுவருக்கும் நடுவே நாற்பத்திரண்டு சென்ட் செம்மண்ணும், அதன்மேல் முந்தின நாள் போட்ட சுண்ணாம்புக் கோடுகளும், கோட்டோரத்தில் குந்திப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த சுயம்புலிங்கம் கொத்தனாரும் தவிர வேறொன்றும் கிடையாது. கொத்தனார் அண்ணாந்து பார்த்தார். வெறும் ஆகாயம். மூன்று விசில் வரைக்கும் பொறுத்திருந்தார். நாலாவது விசில் வந்தபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"ஏம்மா, அடுப்ப அமத்து. பருப்பு கொழஞ்சிரப் போவுது" என்றார் மேலே பார்த்து.

மேலே அடுப்பு அணைந்தது.

இதற்கு அருள்மணி ஐயர்தான் காரணம் என்று ஊரில் யாரும் பழி சொன்னதில்லை. நடந்ததைச் சொன்னார்கள், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவது. திங்கட்கிழமை காலையில் மனைக்கு நடுவில் நின்று அவர் வாசிக்க வேண்டியது அஸ்திபாரம் போடும் முறைமை. புதுக் கண்ணாடி மாற்றி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஜெபப் புத்தகத்தில் நாலு பக்கம் தள்ளி, கட்டிமுடித்த வீட்டைப் பிரதிஷ்டை பண்ணும் முறைமையைப் பிடித்துக்கொண்டார். இந்த வாசல் வழியாய்ப் போகிறவர்களையும் வருகிறவர்களையும், இந்த அடுக்களையில் சமைக்கிறவர்களையும், இந்தக் கூரையின் கீழே படுத்துறங்குகிற பிள்ளைகளையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக என்று அவர் வாசித்துக்கொண்டே போனபோது, கூரையும் அடுக்களையும் இல்லாத வெயிலில் நாற்பது பேர் தலைகுனிந்து கண்மூடி நின்றார்கள். பாதியில் ஐயருக்கே தெரிந்துவிட்டது. ஆனால் ஆரம்பித்த ஜெபத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு வேறு பக்கம் புரட்டுவது அந்தச் சபையில் வழக்கமில்லை. முடித்தார். ஜனங்களும் ஆமென் சொன்னார்கள்.

"சொல்லியாச்சே" என்றார் ஐயர் பிற்பாடு. "பிரதிஷ்டை பண்ணினதத் திருப்பி எடுக்கதுக்குப் புஸ்தகத்துல முறைமை கெடையாது. மூணு தடவ பாத்துட்டேன்."

"எங்க ஆளுகள்ல பால் காச்சணும்னா மொதல்ல கூர வேணும்னு ஒரு வெவஸ்த உண்டு" என்றார் கொத்தனார். ஐயர் அதைக் காதில் வாங்காத மாதிரி போனார்.

மனை எட்வினுடையது. நாற்பத்தெட்டு வயது, பதினெட்டு வருஷம் ஆக்லாந்தில் கட்டட வரைபட வேலை பார்த்துவிட்டு, பதினோரு மாதத்துக்கு முன்னால் இரண்டு பெட்டியோடு தனியாக வந்து இறங்கியவன். மனைவி பியூலாவுக்கு அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் உத்தியோகம், மகள் ஷெரினுக்குப் பள்ளிக்கூடத்தில் இன்னும் இரண்டு வருஷம். தரைத்தளமும் மேலே மூன்று மாடியுமாகப் பதினாறு வீடு, அதில் இரண்டாவது மாடியில் கிழக்கு மூலை வீடு தங்களுக்கென்று எட்வின் வரைந்து அனுப்பியிருந்தான். மகள் அறையில் ஜன்னல் எங்கே, பியூலாவின் தையல் மெஷின் எங்கே என்பதுவரை அதில் இருந்தது. வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஷெரின், "அப்பா, வைஃபை நல்லா வருமா?" என்று கேட்டாள். பியூலா, "கட்டி முடிங்க. பாக்கலாம்" என்றாள்.

அந்தப் 'பாக்கலாம்' என்ற சொல்லை எட்வின் எட்டு மாதமாகக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். சில நாள் அது வருவோம் என்ற பக்கம் சாயும். சில நாள் ஒரு பக்கமும் சாயாமல் நடுவில் நின்று அவன் முகத்தையே பார்க்கும். அப்படிப்பட்ட நாட்களில் அவனால் ஓரிடத்தில் உட்கார முடியாது. மனையைச் சுற்றி நடப்பான். வெளிநாட்டில் ஒருமுறை சாரத்திலிருந்து விழுந்ததில் வலது குதிகால் கொஞ்சம் இழுக்கும். அவன் செருப்பு ஓர் அடிக்கு டப்பென்றும் மறு அடிக்குச் சரக்கென்றும் சத்தம் போடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே, "டீச்சர், டப்பு சரக்கு மாமா போறாவ" என்று சொல்லிவிடும்.

சனிக்கிழமைக்குள் பதினாறு வீட்டிலும் ஆள் இருப்பது ஊருக்குத் தெளிவாகிவிட்டது. கண்ணுக்கு ஒன்றும் கிடையாது, சத்தம் மட்டும்தான். ஆனால் சத்தத்திலேயே ஒரு குடித்தனத்தை முழுசாக அறிந்துகொள்ளலாம் என்பது பெத்தேல்விளைக்காரர்களுக்குப் புதுச் செய்தி இல்லை. பக்கத்து வீட்டை அவர்கள் எப்போதும் அப்படித்தான் அறிந்து வைத்திருந்தார்கள். முதல் மாடி மேற்கு வீட்டில் புருஷனும் பெஞ்சாதியும் அவனுடைய அம்மாவைக் கூட்டி வந்து வைத்துக்கொள்வதைப் பற்றிக் காலையும் மாலையும் சண்டை போட்டார்கள். அதைக் கேட்கவென்றே பெண்கள் வேதக்கோயில் நிழலில் வந்து உட்கார்ந்தார்கள், இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள், பத்து நாளில் தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தருக்கொருத்தர் முகம் கொடுக்காத அளவுக்குப் போனார்கள். தரைத்தளத்தில் ஒருத்தர் குளிக்கும்போது ஞானப்பாட்டை அடித்தொண்டையில் பாடினார். பாடகர் குழுவை நடத்துகிற வேதமுத்து உபதேசியார் அதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"பேஸ் பாட ஆளில்லாம ரெண்டு வருசமாத் தவிக்கேன்" என்றார் எட்வினிடம். "பெயிண்ட் காயதுக்கு முன்னால அவரப் பிடிச்சிரணும் தம்பி. டவுன் சபக்காரன் கொத்திட்டுப் போயிருவான்."

உபதேசியார் வெள்ளிதோறும் வீட்டு ஜெபத்துக்குப் போகிறவர். கோடு போடும்போது வாசல் வருகிற இடத்தில் சுண்ணாம்பு தூவாமல் விடுவது கொத்தனாரின் வழக்கம். உபதேசியார் அந்த இடைவெளியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தொண்டையைச் செருமி, "ஸ்தோத்திரம்மா" என்பார். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்ட பிறகுதான் கோட்டைத் தாண்டுவார். மேல் மாடிகளுக்குப் படி இல்லாததால் அவர்களுக்குக் கீழே நின்றே உரத்து ஜெபித்தார். சபையார் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகை வந்தபோது நாலு கட்டத்துக்குள்ளும் மாடிக்கொன்றாக நாலு நாலாய்ப் பதினாறு இலை போட்டு, காற்றுக்குப் பறக்காமல் கல் வைத்து, சோறும் கறிக்குழம்பும் பரிமாறினார்கள். காக்கை தின்றது என்பது வேறு விஷயம். அன்றைக்குச் சாயங்காலம் மூன்றாவது மாடியில் ஒருத்தி, "கொழம்புல உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள், அசனச் சமையல்காரர் ஒரு வாரம் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

பாலர் பள்ளிக்கூடத்துக்கு அந்த மூன்றாவது மாடிதான் முக்கியம். சுகிர்தா டீச்சரும் ஓர் ஆயாவும் முப்பத்தொரு பிள்ளைகளும் உள்ள பள்ளிக்கூடம் அது. சரியாகப் பதினோரு மணிக்கு, இங்கே சுண்டல் கொடுக்கிற நேரத்தில், மேலே ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பிக்கும். முப்பத்தொரு பேரும் சுண்டல் கிண்ணத்தோடு ஊஞ்சல் பக்கம் ஓடி, வரிசையாய் நின்று, அண்ணாந்து பாடுவார்கள். பாட்டில் பாதிச் சொல் டீச்சர் சொல்லிக் கொடுத்தது, மீதி அவர்களே போட்டது. அழாத பாப்பா, அழாத பாப்பா, நாளைக்கிச் சுண்டல் தாரோம் பாப்பா. நாலாவது வரிக்குள் அழுகை நின்று, அதற்குப் பதிலாக மேலிருந்து ஒரு கொக்கரிப்பு வரும். பள்ளிக்கு வரமாட்டேன் என்று தினமும் தரையில் உருண்ட பிள்ளைகள்கூட, பாப்பாவுக்கு யார் பாடுவது என்று கேட்டால் எழுந்து செருப்புப் போட்டுக்கொண்டன.

அவர்கள் நின்று பாடுகிற அந்த இடம், இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டடி அகலமான ஒரு மண் கீற்று. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, ஒரு பூவரச மரம். பத்திரப்படி அது எட்வினின் நிலம். அவன் அப்பா இருந்தபோது, 'பிள்ளைகள் விளையாடட்டும்' என்று வாய்வார்த்தையாய் விட்டுக்கொடுத்தது. எட்வின் ஊரமைப்பு அலுவலகத்தில் இரண்டு வரைபடம் கொடுத்து இரண்டுக்கும் அனுமதி வாங்கியிருந்தான். ஒன்று பன்னிரண்டடியை விட்டுவிட்டது. இன்னொன்று எடுத்துக்கொண்டது. முதலாவதைத்தான் மண்ணில் கோடாகப் போட்டிருந்தார்கள். இரண்டாவது மடித்தபடி அவன் பைக்குள் இருந்தது.

இனி, எட்வின் வீட்டைச் சொல்ல வேண்டும்.

மற்ற பதினைந்து வீட்டின் சத்தத்தையும் ஊர் பங்கு போட்டுக் கேட்டபோது, இரண்டாவது மாடிக் கிழக்கு மூலையை அவன் ஒருத்தன் மட்டும் கேட்டான். முதல் நான்கு நாள் அங்கே ஒன்றுமே இல்லை. ஐந்தாம் நாள் காலை ஒரு செருப்புச் சத்தம். அறைக்குள்ளிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து அடுக்களைக்கு, குழாய் திறந்து மூடும், திரும்ப அறைக்கு. டப், சரக். டப், சரக். வேறு யாருடைய பேச்சும் இல்லை. கீழே எட்வின் நடந்தால் மேலே அதுவும் நடந்தது, கீழே அவன் நின்ற பிறகும் அது நிற்கவில்லை. கட்டி முடித்த வீட்டில் தான் தனியாக நடக்கப் போவதை அவன் வெயிலில் நின்று ஒரு மணி நேரம் கேட்டான். பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு, அடுக்களையைத் தெற்கே மாற்றச் சொன்னான்.

கோடு மாறினால் மறுநாள் காலை குடித்தனம் மாறும் என்பது அப்படித்தான் தெரிய வந்தது. அடுக்களை தெற்கே போனதில் பக்கத்து வீட்டில் இருமிக்கொண்டிருந்த பெரியவரைக் காணோம். அவருக்குப் பதில் ஒரு நாய் குரைத்தது. ஷெரின் அறையை இரண்டடி பெரிதாக்கினான். சண்டை போட்ட தம்பதி காலி செய்துவிட்டுப் போய், அங்கே சத்தமே இல்லாத யாரோ வந்தார்கள். பெண்கள் மனம் கசந்து எழுந்து வீட்டுக்குப் போனார்கள். பால்கனியை நீட்டினான். படிக்கட்டை இந்தப் பக்கம் திருப்பினான். ஒவ்வொரு முறையும் விடிந்ததும் ஓடி வந்து கேட்பான். டப், சரக். டப், சரக்.

"இது ஒம்பதாவது தடவ சார்" என்றார் கொத்தனார். "சுண்ணாம்பு போட்டுப் போட்டு மண்ணே வெளுத்துப்போச்சு. என் தொழில்ல நான் கல்லு மாத்திக் கட்டிருக்கேன், கதவு மாத்தி வச்சிருக்கேன். மனுசங்கள மாத்துத வேல இதான் மொத தடவ."

"இன்னும் ஒரே ஒரு தடவ அண்ணாச்சி."

"வாற திங்கக்கெழம ஜேசிபி வருது. அஸ்திபாரத்துக்கு வானம் தோண்டியாச்சுன்னா அப்புறம் நீரு நெனச்சாலும் நான் நெனச்சாலும் ஒரு அங்குலம் நவுத்த முடியாது. அதுக்குள்ள நல்லா யோசிச்சுக்கிடும்."

எட்வின் யோசித்தான் என்று சொல்ல முடியாது. புதன்கிழமை மத்தியானம் பையிலிருந்து இரண்டாவது வரைபடத்தை எடுத்து விரித்தான். கொத்தனார் அதைப் பார்த்தார், சுவருக்கு அந்தப் பக்கம் தெரிந்த ஊஞ்சல் கம்பியைப் பார்த்தார், நூலை எடுத்தார். சாயங்காலத்துக்குள் பதினாறு வீடும் பன்னிரண்டடி மேற்கே நகர்ந்தன. ஒரு வெள்ளைக் கோடு பூவரச மரத்தின் அடியைச் சுற்றிக்கொண்டு போனது.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு அவன் வந்து நின்றபோது மேலே பியூலா பேசிக்கொண்டிருந்தாள்.

"எட்வின், மோட்டார் ஓடிட்டே இருக்கு பாருங்க. டேங்க் நெறஞ்சு வழியுது."

டப் சரக் டப் சரக் என்று செருப்பு ஓடியது, நடக்கவில்லை, ஓடியது. பிறகு ஷெரின், கொஞ்சம் வளர்ந்த குரலில், "அப்பா, என் சார்ஜர எடுத்தது நீங்கதான். எனக்குத் தெரியும்" என்றாள். தையல் மெஷின் ஓடியது. யாரோ எதற்கோ சிரித்து, அடக்க முடியாமல் மறுபடி சிரித்தார்கள், அது பியூலாவா ஷெரினா என்று பிரித்துச் சொல்ல முடியாத சிரிப்பு. எட்வின் செம்மண்ணில் உட்கார்ந்தான். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அவன் கால் சும்மா இருந்தது. கொத்தனார் வாங்கி வந்த டீ ஆறி ஆடை படிந்தது, அவன் எடுக்கவில்லை. அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எந்தத் தட்டு கீழே விழுகிறது, எந்தக் கதவு காற்றில் அடிக்கிறது என்பதையெல்லாம் அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான், பசித்தவன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

பதினோரு மணிக்குப் பிள்ளைகள் சுண்டலோடு வந்து ஊஞ்சல் பக்கம் நின்றார்கள். மேலே அழுகை இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு அழாமல் இருந்தாலும் பரவாயில்லை என்று பாடினார்கள். இரண்டாம் தடவை இன்னும் சத்தமாகப் பாடினார்கள்.

"டீச்சர், பாப்பா பேச மாட்டேங்கு."

"ஒறங்குதாயிருக்கும்" என்றாள் டீச்சர்.

வெள்ளிக்கிழமையும் அதுவே. அன்று முதல் மாடியில் வீடு பார்க்க வந்த ஒரு பெண்ணும், காட்ட வந்த ஓர் ஆணும் பேசிக்கொண்டார்கள்.

"அந்தப் பக்கம் பூட்டிக் கெடக்கே, என்னது?"

"பாலர் பள்ளிக்கூடம் இருந்துச்சும்மா. வெளயாட எடமில்லன்னு மேலிடத்துல அனுமதி புதுப்பிக்கல. பிள்ளைக இப்ப வேன்ல டவுனுக்குப் போகுது."

"அப்பம் சத்தமில்லாம இருக்கும்."

"இரண்டாவது மாடியில கேட்டுப் பாருங்க, வெளிநாட்டுல இருந்து வந்தவங்க."

பியூலாவின் குரல் மேலிருந்து, நல்ல மனசோடு, பதில் சொன்னது: "ஆமாங்க. இங்க அந்த அமைதிதான் பெரிசு."

எட்வின் திரும்பினான். சுவருக்கு அந்தப் பக்கம் சுகிர்தா டீச்சர் நின்றிருந்தாள், கையில் காலிக் கிண்ணங்களின் அடுக்கோடு.

"கேட்டீங்களா டீச்சர்?"

"நேத்தே கேட்டேன் அண்ணே. நேத்து வேற யாரோ பேசிட்டிருந்தாவ, இதே பேச்சு."

"சொல்லலியே."

"உங்க வீட்டுச் சிரிப்பயும் கேட்டேம்லா. எதச் சொல்லச் சொல்லுதீங்க?" கிண்ணங்களைச் சுவர்மேல் வைத்தாள். "எடம் உங்க எடம். உங்க அப்பா வாயால தந்தாவ, காயிதம் கெடையாது. நான் ஒண்ணும் கேட்டு வரல. அந்த மூணாவது மாடிப் பிள்ள இருக்காள்லா, அவ அம்மா, பக்கத்துல பள்ளிக்கூடம் இருக்குன்னுதான் இங்க வீடு பாத்திருப்பா. இப்பம் வேற எங்கயாவது பாத்திருப்பா. அங்க நல்லாத்தான் இருப்பா. ஆனா எங்கிட்ட முப்பத்தொண்ணு நிக்குது. ஒறங்குதுன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாளா ஒறங்குத பிள்ளைய நீங்க எங்க பாத்திருக்கீங்க?"

எட்வின் ஊஞ்சலைப் பார்த்தான். அவள் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மத்தியானம் ஐயரிடம் போனான். ஐயர் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"இந்தச் சத்தம் வாக்குத்தத்தமா ஐயரே?" என்று கேட்டான்.

"வாக்குத்தத்தம் கர்த்தர் தாரது. இது சுண்ணாம்பு தாரது" என்றார் ஐயர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அதக் கலக்குனதுல எனக்கும் பங்கு உண்டு, அதனால நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது" என்றார்.

நடுராத்திரி வாக்கில் பியூலாவைப் போனில் கூப்பிட்டான். அங்கே சனிக்கிழமை விடிந்துகொண்டிருந்தது. இராப் பணி முடித்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"உன் சத்தம் கேட்டேன்" என்றான். "இங்க. நம்ம வீட்டுல. சிரிச்சே."

சத்தம் வருவதை அவன் முன்னமே அவளுக்குச் சொல்லியிருந்தான். அவளும் பெத்தேல்விளைக்காரிதான், அதில் அவளுக்கு ஆச்சரியமில்லை.

"எதுக்குச் சிரிச்சேன்?"

"தெரியல."

"நான் இன்னும் முடிவே பண்ணலியே, எட்வின்."

"தெரியும்."

"அப்பம் அங்க இருக்கவ யாரக் கேட்டு வந்தா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, களைப்பாக, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள். "நீங்க கோடு போட்டீங்க, நான் வந்து நின்னுட்டேனாக்கும். எனக்கே தெரியாம என் பொட்டிய யாரு கெட்டுனா?"

எட்வின் போனை மறு காதுக்கு மாற்றினான். பிறகு அவள் தூங்கப் போனாள்.

சனிக்கிழமை முழுவதும் அவன் மனையை விட்டு நகரவில்லை. மேலே அவன் வீட்டில் நாள் ஒழுங்காக நடந்தது: காலைச் சாப்பாடு, சண்டை மாதிரி ஒரு கேலி, மத்தியானத் தூக்கம், சாயங்காலம் ஷெரின் யாரையோ வீட்டுக்குக் கூட்டி வந்து அறிமுகப்படுத்தினாள். ஒவ்வொன்றையும் அவன் கேட்டான். கேட்கக் கேட்கக் கால் மறுபடி குறுகுறுக்க ஆரம்பித்தது. எழுந்தான், உட்கார்ந்தான், பூவரச மரம் வரைக்கும் போய்த் திரும்பினான். மேலே சிரித்தபோது அவனும் கீழே சிரித்தான், சிரித்து முடித்த கையோடு பதினோரு மணி ஆகிவிட்டதா என்று பார்த்தான். சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. ஊஞ்சல் தானாகக் கொஞ்சம் ஆடியது, காற்றுக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவன் உள்ளே போகவில்லை. பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது சுண்ணாம்பு டின்னையும் நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு மனைக்குள் இறங்கினான். மேலே பியூலா ஏதோ ஒரு துணியைப் பற்றி, "இந்தக் கலரு உங்களுக்கு எடுக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் மரத்தடியில் ஆரம்பித்தான். இழுக்கிற வலது குதிகாலால் கோட்டைத் தேய்த்துக்கொண்டே போனான். ஒரு சுவர் போனது, ஓர் அறை போனது. "போட்டுப் பாருங்க, சும்மா போட்டுப் பாருங்க" என்றாள் பியூலா. அவன் தேய்த்தான். இரண்டாவது மாடிக் கிழக்கு மூலையின் கடைசிக் கோட்டுக்கு வந்தபோது ஷெரின், "அப்பா" என்று ஆரம்பித்தாள். என்ன சொல்ல வந்தாள் என்று கேட்க ஒரு நிமிஷம் காலைத் தூக்கியபடியே நின்றான். அவள் சொல்லவில்லை, அவன் பதிலுக்குக் காத்திருப்பவள் போல அங்கே சும்மா இருந்தாள். காலை வைத்தான்.

அதற்குப் பிறகு மேலே ஆகாயம் மட்டும் இருந்தது.

கோட்டை அழிக்க ஓர் ஆள் போதும். போட இரண்டு ஆள் வேண்டும். நூலின் ஒரு முனையை முளையில் கட்டிவிட்டு மறுமுனையோடு அவன் நடந்தால், முளை பிடுங்கிக்கொண்டு வந்தது. மூன்றாவது தடவை பிடுங்கியபோது ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். வெள்ளை வேட்டியும் பட்டுச் சேலையுமாகச் சுவரோரத்தில் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

"ஓய்வுநாள்ல வேலையா தம்பி?" என்றார் உபதேசியார்.

"வேல இல்ல உபதேசியாரே. பழையபடி வைக்கேன்."

உபதேசியார் திரும்பி ஐயரைப் பார்த்தார். ஐயர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்; துடைத்துக்கொண்டே, "எனக்கு இங்கயிருந்து ஒண்ணும் தெரியல" என்றார். உபதேசியார் வேதப்புத்தகத்தைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, மனைக்குள் இறங்கி நூல் முனையைப் பிடித்தார். பிறகு குழாயடியில் பேசாமலிருந்த இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முளையைப் பிடித்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதினாறு வீடும் பன்னிரண்டடி கிழக்கே வந்து தங்கள் இடத்தில் நின்றன. எதிர்க்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் எழுந்து வந்து, ஒரு மூலையை மட்டும் அரை அடி திருத்தினார்.

திங்கட்கிழமை பத்தேமுக்காலுக்கு ஜேசிபி வந்தது. மண்ணைப் பெயர்த்துவிட்டால் இந்தச் சத்தங்கள் போய்விடும் என்பது எல்லாருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. அதன் பிறகு நிஜ ஆட்கள் நிஜப் பெட்டியோடு வருகிற வரைக்கும் பதினாலு மாதம் பொறுத்திருக்க வேண்டும். அதனால் வேலைக்குப் போகாமல் பாதி ஊர் வந்திருந்தது. இருமல் பெரியவர் திரும்பி வந்திருந்தார். சண்டைத் தம்பதி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள், பெண்கள் அதை மரியாதையோடு கேட்டார்கள். உபதேசியார் தரைத்தளத்து வாசல் இடைவெளியில் நின்று, "அப்பம் ஞாயித்துக்கெழம பயிற்சி நாலு மணிக்கு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார், பதினாலு மாதத்துக்கு முன்கூட்டியே.

பதினோரு மணிக்கு மூன்றாவது மாடியில் பாப்பா அழுதது. சுவருக்கு அந்தப் பக்கம் முப்பத்தொரு பேரும் ஓடி வரும் சத்தம் கேட்டது, ஒரு கிண்ணம் கீழே உருண்டது, யாரோ, "முழிச்சிட்டு டீச்சர், முழிச்சிட்டு" என்று கத்தினார்கள். பாட ஆரம்பித்தார்கள்.

எட்வின் தன் வீட்டுக்குக் கீழே நின்றான். மேலே டப், சரக். டப், சரக். அறையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து அடுக்களைக்கு. அவன் அதைத் தலைகுனிந்து கேட்டான். வேறு எதுவும் இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கொத்தனார் அவனைப் பார்த்து, ஆரம்பிக்கலாமா என்று கண்ணால் கேட்டார். சாத்தான்குளத்துக்காரரான வண்டி ஓட்டுநர், ஆட்கள் ஏன் வெறும் மண்ணைப் பார்த்துக் கண் கலங்குகிறார்கள் என்று விளங்காமல், இயந்திரத்தை உறும விட்டுக் கம்பியில் கைவைத்துக் காத்திருந்தார்.

அப்போது இரண்டாவது மாடிக் கிழக்கு மூலையில் அழைப்பு மணி அடித்தது.

செருப்பு நின்றது.

எட்வினின் கை தானாக உயர்ந்தது. ஓட்டுநர் இயந்திரத்தை அடக்கினார். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு மட்டும் நிற்கவில்லை. மேலே மணி இன்னொரு தடவை அடித்தது, பொறுமையில்லாத விரல் அழுத்துகிற மாதிரி, விட்டு விட்டு. செருப்பு வாசலை நோக்கி விரைந்தது. தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. இன்னும் ஒரு கணம் பொறுத்தால் கதவு திறந்துவிடும், வாசலில் நிற்பவர் வாயைத் திறந்துவிடுவார், அது யாரென்று தெரிந்துவிடும். தண்ணீர்க் கேன் போடுகிறவராகவும் இருக்கலாம்.

அத்தனை பேரும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரென்று கேட்டுவிட்டால், அது யாராக இருந்தாலும், நாளைக்கு இன்னொரு கோடு அழியும். அதை அவன் தன் காலில் அறிந்தான், குதிகாலில், அது ஏற்கெனவே மண்ணைத் தேய்க்கத் தொடங்கியிருந்தது.

உயர்த்திய கையை முன்னால் வீசினான்.

"தோண்டுங்க" என்றான்.

இரும்புப் பல் செம்மண்ணில் இறங்கியது.